பயறு

நாலாங்கட்டை எடைமேடையில்
செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளோடு
கத்திக் கத்தி வளர்ந்த குரல் எனக்கு.
பீடோங்கில் பாதிப் பேருக்கு அது தெரியும்.
மீதிப் பேருக்கு என் மகனைத் தெரியும்.

வயது ஐந்து. பெயர் பவனேஷ்.
சப்பாத்தை ஐஸ்பெட்டியில் வைப்பான்.
ஏன்டா என்றால், அதுக்கு வேர்க்குதாம்.
ஆ செங் கடைக் கோழித்தீவன மூட்டைக்குள்
முழங்கைவரை கைவிட்டுத் துழாவினான்.
என்ன தேடுற?
"இன்னும் கிடைக்கலம்மா, கிடைச்சா சொல்றேன்."

ஆலைக் காவலர் பகதூரின் விசிலை ஒருநாள்
எடுத்து ஊதி
மூன்று லோரிகளை நிறுத்தினான்.
நாலாவது லோரிக்காரர் இறங்கிவந்து
சலாம் வேறு வைத்தார்.

காது இருக்காடா உனக்கு, என்றேன்.
இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்து
இருக்கு என்றான்.

அப்புறம் ஒரு வாரம்
அதுவும் இல்லாததுபோல் ஆனான்.
கூப்பிட்டால் திரும்புவதில்லை.
சோறு என்றால் ஜோரா என்பான்.
டிவியைக் கூட்டிக் கூட்டி
பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வந்துவிட்டார்.
புதுச் சேட்டை என்று நினைத்து
முதுகில் ஒன்று வைத்தேன்.
அழவில்லை. தலையைச் சாய்த்து
இடது தோளில் எதையோ காப்பதுபோல் நின்றான்.
அந்தச் சாய்ந்த தலையை
அப்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு தலையணையில் ஈரம்.
லேசாக ஒரு நாற்றம்.
கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன்.
காதுக்குள்ளே
பச்சையாய் ஏதோ ஒன்று
என்னைத் திருப்பிப் பார்த்தது.

அரசாங்கக் கிளினிக். எண் ஆயிரத்து நாற்பத்தேழு.
தாதி ஹஸ்லினா எட்டிப் பார்த்துவிட்டு
"காச்சாங் ஹீஜாவ்!" என்று சிரித்தார்,
டாக்டரைக் கூப்பிடும்போது சிரிக்கவில்லை.
ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டிருந்தது பயறு.
என் மடியில் அவன் தலை.
சின்னக் கொக்கி உள்ளே போனபோது
என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டான்.

யார் போட்டது?
நான்தான்.
எதுக்குடா?

பாலர்பள்ளியில் நளாயினி டீச்சர் சொன்னாராம்:
சொல்லுறது காதுல விதையா விழணும்,
அப்பத்தான் முளைக்கும்.
அன்றைக்குத்தான் மைலோ டின் மூடியில்
பஞ்சு நனைத்துப் பச்சைப்பயறும் போட்டார்களாம்.
ஒன்றை இவன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டானாம்.

"குளிக்கறப்பெல்லாம் தண்ணி ஊத்தினேம்மா.
நோண்டவே இல்ல.
நோண்டினா முளைக்காதுன்னு
டீச்சர் சொன்னாங்க."

ஒன்பது நாள்.
வலியோடு, முதுகில் என் கையையும் வாங்கிக்கொண்டு
ஒரு சொல்லைக் கேட்டு நடந்திருக்கிறான்
சொல்பேச்சுக் கேளாதவன் என்று
நாங்கள் எல்லாரும் முடிவுகட்டிய பிள்ளை.
நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை,
டாக்டரிடம்கூட.

மோட்டாரில் திரும்பும்போது
ரோட்டோரப் பனைவரிசையில் மழை இறங்கியது.
முன்னால் உட்கார்ந்தவன் திடீரென்று
"அம்மா, மழை கேக்குது" என்றான்.
கெட்டியா புடிச்சுக்க என்று நான் கத்த,
"கத்தாதம்மா. இப்பக் கேக்குது."

அன்றிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.
எடைமேடைத் தொண்டைக்கு அது சுலபமில்லை.
ஆனால் மெதுவாகச் சொன்னால்
கேட்பதற்காக அவன் கிட்டே வருகிறான்.
கிட்டே வந்தால்
கையில் இருக்கும் பல்லி எனக்குத் தெரிகிறது.
விட்டுடு என்கிறேன்.
கொஞ்சம் யோசித்து விடுகிறான், சில நாள்.

அந்தப் பயறைக் கேட்டு வாங்கி வந்தான்,
டிசுவில் சுற்றி.
பஞ்சில் வைத்தோம். முளைக்கவில்லை.
டாக்டர் நோண்டிட்டாரு, அதான் என்றான்.

நேற்று இரவு பாயில் படுத்தபடி
அவன் காதோடு காதாகச் சொன்னேன்:
இனிமே காதுல எதுவும் போடக்கூடாது.
சரி.
மூக்குலயும் போடக்கூடாது.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு இருட்டில் எழுந்து உட்கார்ந்தான்.

"மூக்குலயும் முளைக்குமாம்மா?"